பிழை காணப்படவில்லை

மூன்றாவது தடவையும் ரிவால்வர் ஒரு வரிச் சீட்டோடுதான் திரும்பி வந்தது. 'பிழை காணப்படவில்லை.' கீழே வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. காலை ஆறே கால். ஆயுத அறையின் கம்பிச் சாளரத்துக்கு முன்னால் ஜசிந்தா நின்று அந்தச் சீட்டை இரண்டு தரம் வாசித்தாள். பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். வெளியூர் வேலைத்தலத்தில் அது நான்கு கிழமை கிடந்தது. யாரோ ஒருவர் மேசை விளக்கின் கீழ் அதைக் கழற்றிப் பார்க்கிறார் என்று நினைத்து அந்த நான்கு கிழமையும் அவள் நிம்மதியாக இருந்தாள். இப்போது கையெழுத்துப் போட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஜெர்மனியின் எசன் நகரில் பணப்பெட்டிகளை ஏற்றி இறக்கும் அந்தக் காவல் நிறுவனத்தில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். பழைய ரிவால்வர்கள் இரும்பு. பத்து மணித்தியாலம் சுமந்தால் இடுப்பெலும்பு நோகும். மாசி மாதம் எல்லோருக்கும் புதிதாக இலகு ரகம் கொடுத்தார்கள். பெல்ட்டில் இருப்பதே தெரியவில்லை என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், ஜசிந்தாவும்தான். பயிற்சிக் கூடத்தில் முதல் ஐந்து குண்டு ஒழுங்காகப் போனது. அடுத்த ஐந்தும் போனது. மூன்றாம் தரம் நிரப்பிச் சுட்டபோது, சூடேறிய உருளை பாதியில் நின்றுவிட்டது. விசையை இழுத்தால் கல்லை இழுப்பதுபோல் இருந்தது. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி சுற்றும்.

ஆயுதப் பொறுப்பாளர் பிறிங்க்மன் நல்ல மனிதர். அவள் கொண்டுபோய்க் கொடுத்தபோது, குண்டில்லாமல், ஆறிக் குளிர்ந்திருந்த அதை ஆறேழு தரம் சொடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முதல் தடவை துடைத்து எண்ணெய் போட்டார். இரண்டாம் தடவை ஒரு சுருள்வில்லை மாற்றினார். மூன்றாம் தடவை வெளியே அனுப்பினார். சூடேறிய பிறகுதான் சிக்குகிறது என்று ஒவ்வொரு தடவையும் படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். அதை எழுதுவதற்கு விட்டிருந்த கட்டம் ஒரு விரல் அகலம். நுணுக்கி நுணுக்கி எழுதினாள். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

கணவன் யாகோப்புக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி முழுவதையும் கேட்டான். பிறகு, "அது வேலை செய்யாட்டில் நல்லம்தானே. நீர் ஆரையும் சுடப்போறீரோ?" என்றான்.

"சுடுறதுக்கில்லை. இடுப்பிலை கிடக்கிறது பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு, அது உண்மையெண்டு முகத்தை வைச்சுக்கொண்டு ரோட்டிலை நிக்க என்னாலை ஏலாது."

மன்னாரில் இருந்த காலத்தில், துவக்கு வைத்திருப்பவனைக் கண்டால் முதலில் அவன் கையைப் பார்க்கப் பழகியவர்கள் இருவரும். ஒரு துவக்கு சுடவில்லை என்று ஊரெல்லாம் மன்றாடித் திரிவாய் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

வைகாசியில் வருடாந்தச் சூட்டுத் தேர்வு வந்தது. இருபத்தைந்து குண்டு, ஐந்து நிரப்பல். மூன்றாம் நிரப்பலில் அது நின்றது. கையை உயர்த்தினாள். வெளியார் ஒருவர் பரீட்சகராக வந்திருந்தார். அவர் வந்து வாங்கிப் பார்த்து, தன் பெரிய கையால் இழுக்க, அதற்குள் கொஞ்சம் ஆறியிருந்த உருளை சுற்றியது. அறிக்கையில் 'விரல் பலம் போதாது, சித்தியில்லை' என்று எழுதினார். நிறுவனம் அவளுக்கு ஒரு நீல நிற ரப்பர் பந்து கொடுத்தது. ஒரு நாளைக்கு நூறு தரம் பிசையச் சொன்னார்கள். ஒரு மாதம் வண்டியில் ஏற்றவில்லை, கந்தோரில் உறைகள் ஒட்டினாள்.

மறு தேர்வுக்கு, அவளுடைய ரிவால்வரை நிறுவனமே வழக்கமான துப்புரவுக்கு மறுபடி வேலைத்தலத்துக்கு அனுப்பியிருந்ததால், அலுமாரியில் இருந்த வேறொன்றைக் கொடுத்தார்கள். இருபத்தைந்தில் இருபத்துநான்கு. பயிற்சி நன்றாக உதவியிருக்கிறது என்று பிறிங்க்மன் கைகுலுக்கினார். பந்தை ஒரு நாள்கூடப் பிசையவில்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். களைப்பாக இருந்தது, சொல்லவில்லை. அந்த வேறொன்றையே அவளுடைய பெயரில் பதிந்தார்கள். பழையதை இனிக் கழித்துவிடுவார்கள் என்று அவள் தானாகவே நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ராசன் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, இருபது வருடம் வேலை செய்த களஞ்சியம் மூடிவிட்டது. பயிற்சியும் அனுமதியும் முடித்து வந்த முதல் நாள், சாளரத்துப் பதிவேட்டில் அவளுக்கு அடுத்த வரியில் கையெழுத்துப் போட்டார். பேனையைக் கொடுக்கும்போது அவருடைய வரியில் இருந்த ரிவால்வர் இலக்கம் கண்ணில் பட்டது. மூன்று படிவத்தில் அவள் தன் கையால் எழுதிய இலக்கம்.

மத்தியானம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாணைக் கடிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

பிறிங்க்மனிடம் போனாள். அந்த ஆயுதம் இப்போது அவள் பெயரில் இல்லை, ஆகவே அவள் முறைப்பாடு செய்ய முடியாது. அது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுத வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். திரும்பி ராசனிடம் வந்தாள்.

"தங்கச்சி, எனக்கு ஆறு மாசம் ப்ரோபெசைற், சோதிச்சுப் பாக்கிற காலம். அதுக்குள்ளை காரணம் சொல்லாமலே நிப்பாட்டலாம்," என்றார் அவர். "இந்த வயசிலை இன்னொரு இடத்திலை ஆர் என்னை எடுப்பினம்? வந்த கிழமையே முறைப்பாடு எழுதினா என்னை என்னெண்டு பாப்பினம்? நீங்களும் கதைக்காதேங்கோ."

"சிக்கினா என்ன செய்வியள், ராசண்ணை?"

"பத்துக் குண்டுக்கு மேலை ஆர் சுடப்போகினம்?" என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் களைப்பைத் தந்தது. இரண்டு கிழமை பேசாமல் இருந்தாள். வேலை அட்டவணையில் அவர்கள் இருவரும் வேறு வேறு வண்டி. வேறு வண்டியென்றால் வேறு ஆளின் பாடு என்று நினைக்கப் பார்த்தாள். ஒவ்வொரு காலையும் சாளரத்தடியில் அவருடைய இடுப்பைப் பார்க்காமல் போகக் கற்றுக்கொண்டாள்.

மூன்றாம் கிழமை திங்கட்கிழமை இருவரையும் ஒரே வண்டியில் போட்டிருந்தார்கள். சாரதி ஏறி எஞ்சினைப் போட்டுவிட்டான். ஜசிந்தா வண்டிவரை போனாள். கைபிடியில் கை வைத்தாள். பிறகு திரும்பி வந்து, சுவரோடு போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்தாள். திட்டமிட்டுச் செய்யவில்லை. கால் அப்படித்தான் போனது.

வண்டிகளை அனுப்பும் பொறுப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து என்ன விசயம் என்று கேட்டார். அந்த ரிவால்வரை இங்கேயே, தன் கண் முன்னால், நிறுத்தாமல் பதினைந்து குண்டு சுட்டுப் பார்க்கும்வரை தான் ஏறமாட்டேன் என்று ஜெர்மனில் சொன்னாள். குரல் உயரவில்லை. இது வேலை மறுப்பு, எழுத்தில் வரும் என்றார் அவர். எழுதுங்கள் என்றாள். எழுதும்போது பெரிய கட்டமாகப் பார்த்து எழுதுங்கள் என்றும் சொன்னாள். அவருக்கு அது விளங்கவில்லை. பிறிங்க்மனைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

"இறங்கி வாங்கோ, ராசண்ணை," என்றாள் தமிழில்.

ராசன் ஒரு காலை வண்டிப் படியில் வைத்திருந்தார். மற்றக் கால் ஈரச் சீமெந்தில். அவர் பொறுப்பாளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். வலது உள்ளங்கையை மெல்ல உறையின் மேல் வைத்தார், காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் படியில் இருந்த அவருடைய கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.