டெல்மர் கழற்றிய பம்பு

காரிலிருந்து பதினாறு பவுண்டு இரும்பைக் கழற்றிப் போட்ட அதே குளிர்காலத்தில், டெல்மர் லிண்ட்குவிஸ்ட் தன் வயிற்றில் இருபது பவுண்டு ஏற்றிக்கொண்டான். இந்தக் கணக்கை அவன் போட்டுப் பார்க்கவில்லை. அதைப் போட்டு ஊரெல்லாம் சொன்னவன் அவன் நண்பன் லைல்.

கார் என்றால் பெரிய கார் இல்லை. தொண்ணூற்று நாலாம் வருடத்துச் சிவப்பு மியாட்டா. இரண்டே பேர் உட்காரலாம், அந்த இருவரும் ஒருவரையொருவர் பிடித்தவர்களாக இருப்பது நல்லது. டெல்மரும் அவன் மனைவி மார்லிஸும் பதினோரு வருடமாக அதைப் பங்கு போட்டு ஓட்டினார்கள். மினசோட்டாவில் பனி விலகியதும், மூடிக் கிடக்கும் பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில் கார்ப்பந்தயக் கிளப்காரர்கள் ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கி வைப்பார்கள். அவற்றின் நடுவே வளைந்து வளைந்து, கடிகாரத்தோடு போட்டி. முதலில் மார்லிஸ் ஓட்டுவாள், பிறகு டெல்மர். மார்லிஸ் எப்போதும் ஒரு வினாடி முந்துவாள். அதில் டெல்மருக்கு வருத்தம் கிடையாது. அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

பதினோரு வருடமும் மார்லிஸுக்கு ஒரே குறை. "இந்த ஸ்டீயரிங் ஊமை, டெல். முன்சக்கரம் வழுக்குதா, பிடிக்குதா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

ஊமையைப் பேச வைக்கக் கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பவர் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிடு, கைப்பலத்தில் ஓட்டு.

போன நவம்பரில் மார்லிஸின் மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். அறுவை, பிறகு பிப்ரவரி வரை கதிர்வீச்சு. டெல்மர் அவளைக் கூட்டிப் போனான், கூட்டி வந்தான். வீட்டில் ஒரே உணவை, நூடுல்ஸும் இறைச்சியும் சேர்த்து அடுப்பில் வாட்டியதை, நாலு மாதம் செய்தான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினால் மிச்சத்தை அவன் முடித்தான். இருபது பவுண்டு வந்த வழி அதுதான். அவள் தூங்கும் நேரங்களில் கராஜுக்குள் போய்க் காரின் அடியில் படுத்துக்கொண்டான்.

இந்த வேலையைச் செய்பவர்களில் இரண்டு சாதி. சோம்பேறி, எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பக் கைக்கு உதவும் பம்பின் பெல்ட்டை மட்டும் கழற்றுவான். உள்ளே தங்கிய எண்ணெய் திருப்பும்போதெல்லாம் எதிர்த்து நிற்கும். பக்தனோ ஸ்டீயரிங் பெட்டியையே இறக்கிப் பிரித்து, உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்தெறிந்து, கிரீஸ் அப்பி, லேசாக முறுகிக் கொடுக்கும் சின்னத் தண்டை அசையாமல் வெல்டு வைத்துவிடுவான். டெல்மர் பக்தன். அதாவது, திரும்பி வர வழியே இல்லாமல் செய்து முடித்தான். பம்பை டுலூத் நகரத்தில் ஒருவனுக்கு இனாமாகவும் கொடுத்துவிட்டான். அவளுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கப்போகிறானாம்.

வெல்டு வைத்த மறுநாள் மார்லிஸுக்குத் தோள் பயிற்சி. சொல்லிக்கொடுத்த பெண், "அக்குள்ல நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்காங்க. இடது கையால கொஞ்ச மாசத்துக்கு எதையும் பலமா இழுக்காதீங்க. கார் ஓட்டலாம், பவர் ஸ்டீயரிங்தான் இருக்கே," என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த டெல்மர், கட்டைவிரலில் இருந்த வெல்டுக் கொப்புளத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

ஆறு வாரம் சொல்லவில்லை. கார் தயாரா என்று அவள் கேட்கும்போதெல்லாம், "ரோட்டுல உப்பு இன்னும் போகலை, மார்," என்றான். பனிக்காகக் கொட்டிய உப்பை மழை கழுவும்வரை அந்த ஊரில் யாரும் இப்படிப்பட்ட காரை வெளியே எடுப்பதில்லை, அதனால் அவளும் நம்பினாள். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மழையைத் திட்டிய மனிதன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

முதல் போட்டிக்கு முந்தின நாள் காலை மார்லிஸ் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"டெல்."

"ம்."

"ஸ்டீயரிங் பூட்டை எடுக்கலையா?"

"எடுத்தாச்சு."

"அப்ப ஏன் இது கல்லு மாதிரி நிக்குது?"

சொன்னான். முழுவதும் சொன்னான். டுலூத் வரைக்கும் சொன்னான்.

"நீதானே ஊமைன்னு சொன்ன..."

"பேச வைன்னேன். என்னை மல்யுத்தத்துக்கு அனுப்புன்னா சொன்னேன்? பழையபடி மாட்டு."

"முடியாது. வெல்டு வச்சிட்டேன்."

"நான் மெஷினுக்கு அடியில கிடந்துட்டு வந்து தூங்கினப்ப, நீ இங்க காரைப் பிரிச்சிட்டிருந்தியா?"

டெல்மர் தரையைப் பார்த்தான். "ஆஸ்பத்திரியில எனக்குக் கழட்டி மாட்ட ஒண்ணுமே இல்ல, மார்."

அவள் வலது கையால் ஸ்டீயரிங்கை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"லைல் கார்ல ஓட்டறியா? நான் கேட்டு வைக்கிறேன்."

"அது பூரா நாய் முடி. நாளைக்கு நான் இதைத்தான் ஓட்டப்போறேன். முடியலைன்னா இனி ஓட்டவே போறதில்ல. நவம்பர்லேருந்து முடியாது, கூடாதுன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருச்சு. போ, பின்னாடி போய்த் தள்ளு."

தள்ளினான். கார் ஒரு முழம் உருண்டதும் ஸ்டீயரிங் அவள் கைக்கு இளகிக் கொடுத்தது. நின்றால் கல், நகர்ந்தால் வெண்ணெய். டெல்மர் இதை எங்கெங்கோ படித்திருந்தான். காரைத் தள்ளப்போவது தான்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரும் பாதையை நடந்து பார்த்தார்கள். கோடியில் ஒற்றைக் கூம்பைச் சுற்றி அப்படியே திரும்பி வரவேண்டிய கொண்டை ஊசி வளைவு. அதன் முன்னால் டெல்மர் நின்றே போனான்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாத. அது வெறும் பிளாஸ்டிக்," என்றாள் மார்லிஸ்.

வரிசையிலிருந்து புறப்படும் கோட்டுக்கு இடப்பக்கம் ஒடித்துத் திரும்பவேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வலது கை கியருக்குப் போய்விடும், திருப்ப இடது கைதான் மிஞ்சும். டெல்மர் பின்னால் போய்க் காரைத் தள்ளினான். லைல் காப்பியும் கையுமாக வந்தான்.

"என்னடா, வண்டி படுத்திருச்சா?"

"இல்லடா. பவர் ஸ்டீயரிங் வேலை செய்யுது."

"எங்க?"

"உன் கண்ணு முன்னாடி மூச்சு வாங்கிட்டு நிக்குதே."

லைல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மார்லிஸின் இடது கையில், வீங்காமலிருக்க விரல்வரை இறுக்கிப் போட்டிருந்த உறையைப் பார்த்தான். காப்பியைத் தரையில் வைத்துவிட்டு, அவனும் காருக்குத் தோள் கொடுத்தான்.

முதல் ஓட்டத்தில் மார்லிஸ் பயந்து பயந்து போனாள். கொண்டை ஊசியில் வேகம் செத்துவிட்டது, ஸ்டீயரிங் மறுபடியும் கல்லானது. கார் திரும்பாமல் அகலமாய்ப் போய் மூன்று கூம்புகளைச் சாய்த்தது. டெல்மர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

திரும்பி வந்தவள் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. "தப்பு என்னோடது. மெதுவாப் போனா இது முறைக்குது. தள்ளு."

இந்த முறை தள்ள நாலு பேர் வந்தார்கள்.

அவள் வளைவுக்கு வேகம் சாகாமல் வந்தாள். கார் உருண்டுகொண்டிருக்கும்போதே வலது கையால் இழுத்தாள், இடது கை சும்மா கூடவே போனது. பின்பக்கம் லேசாக வழுக்கிச் சுற்ற, கூம்பை உரசாமல் சிவப்புக் கார் வெளியே பாய்ந்தது. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். டெல்மர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காப்பி புரையேறிவிட்டது என்று லைலிடம் சொன்னான். அவன் காப்பியே குடிக்கவில்லை.

பிறகு டெல்மர் ஓட்டினான், இரண்டு நல்ல கைகளோடு. அவளைவிட வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினான்.

"இருபது பவுண்டு, அதான்," என்றான் லைல்.

மாலையில் டெல்மர் காரின் பக்கத்தில் வந்து குனிந்தான். "பேசுச்சா, மார்?"

"ஓயாம. முன் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சாம். இத்தனை நாளா நீ மூச்சே விடலையே?"

"உப்பு போகட்டும்னு பார்த்தேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹாரனை ஒரு தட்டுத் தட்டினாள். வீட்டுக்குப் போக வலப்பக்கம் ஒடித்துத் திரும்பவேண்டியிருந்தது.

"போய்ப் பின்னாடி நில்லு, பம்பு."