ஓரம் சிவந்த எழுத்துகள்

போன் அலறியதில் ஹில்டாவின் கை தட்டி, டீ டம்ளர் மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. வயர்களின் பக்கம் ஓடிய டீயை ஒரு கையால் துடைத்தபடியே மறுகையில் போனை எடுத்தாள். டீம் லீடர் வர்ஷா.

"அக்கா, எட்டாவது சாப்டர்ல மூணு கமா விட்டுட்டீங்க. அதுகூடப் பரவால்ல. ஒரு இடத்துல எட்டுன்னு வரவேண்டியது மூணுன்னு இருக்கு. அது மருந்து அளவு அக்கா. படிக்கிறவன் டாக்டர் ஆகப்போறவன்."

"மறுபடி பாத்து அனுப்பறேன் வர்ஷா."

"உங்ககிட்டேருந்து இப்படி வந்ததே இல்லையேக்கா. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் கூப்பிடுவான். யாரு பாத்ததுன்னு கேட்டா நான் பேரச் சொல்லித்தான் ஆகணும்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள அந்தக் கம்பெனி, வெளிநாட்டு மருத்துவப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்கிறது. ஹில்டா அங்கே பிழை திருத்துபவள். இப்போது பட்டாபிராம் வீட்டிலிருந்தே வேலை. போன வாரம் கம்பெனி எல்லோருக்கும் புது மானிட்டர் அனுப்பியிருந்தது. படுக்கைவாட்டில் இருப்பதைத் திருப்பிச் செங்குத்தாக நிமிர்த்திக்கொள்ளலாம். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் நிமிர்த்திய நாளிலிருந்து ஹில்டாவுக்கு எழுத்துகள் சரியாக இல்லை. ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய சிவப்பு, மறு ஓரத்தில் நீலம். ஈரத்தில் ஊறிய காகிதம்போல எல்லாம் கசங்கித் தெரிந்தது. கண்ணைக் கழுவிப் பார்த்தாள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதன் கால் லொடலொடத்ததுதான் மிச்சம். அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. சர்க்கரை முதலில் வேதாகமத்தின் சின்ன எழுத்துகளைத் தின்றது. பிறகு பிள்ளைகளின் முகங்களை. தனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ஜனவரியில் சொல்லியிருந்தார்கள். பிழை திருத்துபவளுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? மகள் ரெனிதாவுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருவரிடம் மட்டும் கேட்டிருந்தாள். கணவன் எட்மண்ட் ஒரு தொழிற்சாலையின் ஸ்டாஃப் பஸ் டிரைவர். வீட்டில் கூர்மையான கண் என்றால் அவனுடையதுதான்.

"ஏங்க, இந்த எழுத்து உங்களுக்கு எப்படித் தெரியுது?"

முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "முத்து முத்தா கீது. இன்னா அதுக்கு?"

"நான் கை வெச்ச வரியப் படிங்க பாப்போம்."

பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் தயங்காமல் ஒப்பித்தான். "டூ டேப்லெட்ஸ் கமா ஆஃப்டர் ஃபுட் ஃபுல் ஸ்டாப்."

"கமாவையெல்லாமா படிப்பாங்க?" என்று சிரித்தாள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்கு முத்து முத்தாகத் தெரிகிறது என்றால் கோளாறு தன் கண்ணில்தான்.

சிந்திய டீ மானிட்டரின் அடிப்பாகம் வரை போயிருந்தது. துடைப்பதற்காகத் திரையைப் படுக்கைவாட்டுக்குத் திருப்பினாள். பக்கம் ஒருக்களித்துக் கிடந்தது. செட்டிங்கிலும் மாற்றி நேராக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்பு இல்லை. நீலம் இல்லை. எட்டு எட்டாகவும் மூன்று மூன்றாகவும் இருந்தன.

மறுபடி நிமிர்த்தினாள். கசங்கியது. படுக்க வைத்தாள். தெளிந்தது. உடனே வர்ஷாவைப் போனில் கூப்பிட்டாள்.

"ஐயோ, உங்களுக்கு யாரும் சொல்லலையாக்கா? திரையில ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு துண்டு, பக்கத்துல பக்கத்துல இருக்கும். அத வெச்சுத்தான் கம்ப்யூட்டர் எழுத்த வழவழன்னு காட்டுது. திரைய நிமித்தினா அந்தத் துண்டெல்லாம் மேலும் கீழுமா ஆயிடும். கம்ப்யூட்டர் அது தெரியாம பழைய கணக்குலயே வரையுது. கிளியர்டைப்னு தேடுங்க, அதுல இருக்கற டிக்க எடுத்துடுங்க. அவ்ளோதான்."

"அப்ப எல்லாருக்கும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

"கண்ணு இருக்கற எல்லாருக்கும்க்கா. நம்ம டீம் நிவேதிதா மொத நாளே தலைவலின்னு ஒரே ரகளை. நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்க மகா பொறுமைசாலின்னு நெனச்சேன்."

டிக்கை எடுத்தாள். நிமிர்ந்த திரையில் எழுத்துகள் வெறும் கறுப்பாக நின்றன. கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் நிறம் ஒழுகவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அது போன இடத்தில் வர்ஷா சொன்னது வந்து உட்கார்ந்தது.

கண்ணு இருக்கற எல்லாருக்கும்.

உள்ளே எட்மண்ட் காக்கிச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். மாலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்ற வேண்டும். பஸ் சாவி அவன் விரலில் சுற்றியது. வாய்விட்டுப் படிப்பது ஹில்டாவின் தொழில் பழக்கம். கமாவோடும் ஃபுல் ஸ்டாப்போடும் படித்தால்தான் கண் எதையும் தாண்டிப் போகாது. அன்றைக்கு அந்த வரியை அவள் எத்தனை முறை படித்திருப்பாள்? அவன் காதில் விழும் தூரத்தில்தானே இருந்தான்.

புதுப் பக்கம் திறந்து, வாயை இறுக மூடியபடி தமிழில் ஒரு வரி அடித்தாள். தலைப்பு அளவுக்குப் பெரிதாக்கினாள்.

"ஏங்க, இங்க வாங்க. எழுத்து சரியாயிடுச்சு. எப்படி இருக்கு?"

"முத்து முத்தா கீது."

"படிங்க."

"டைம் ஆயிடுச்சு ஹில்டா. நெமிலிச்சேரில ஆளுங்க வந்து நின்னுகினு இருப்பாங்க."

"ஒரு வரிதான். படிச்சுட்டுப் போங்க."

அவன் குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான். திரையில் 'சாவியை மேஜைமேல் வையுங்கள்' என்று எழுதியிருந்தது. சாவி அவன் கையிலேயே இருந்தது.

"எவ்ளோ நாளா கண்ணு இப்படி?" என்றாள்.

அவன் திரையைப் பார்த்தபடியே நின்றான்.

"முன்னாடி போற வண்டியோட பிரேக் லைட்டு செவப்பாத் தெரியும் ஹில்டா. அத வெச்சுத்தான் ஓட்டிகினு கீறேன்."