பெட்ரோல் பங்க் வழியாக

…இன்னும் ஒன்பது நாள்தான், இந்த ஒன்பது நாளை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்று அவர் தனக்குள் சொல்லி முடிப்பதற்குள் ரயில்வே கேட் கண்ணெதிரே இறங்கிவிட்டது, முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதன் பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டு, சொட்டு, சொட்டு… இந்த உலகத்தில் வேறு வண்டியே இல்லையா அவருக்கு முன்னால் வந்து நிற்க? ஸ்டியரிங்கில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா நியூட்ரலுக்கு மாற்றி, கைபிரேக்கை இழுத்து, சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டுப் பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தாள், அவர் “ம்” என்றார், அதற்கு மேல் வாயைத் திறந்தால் கீழே என்ன திறந்துகொள்ளுமோ. இருபத்தாறு வருடமாக இந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், மாணவர்கள் ‘பிரேக் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், முதுகுக்குப் பின்னால்தான் என்றாலும் அந்தப் பெயரில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. இப்போது அந்த பிரேக் சாருக்கு ஒரு சொட்டை நிறுத்தி வைக்கத் துப்பில்லை. த்தூ.

போன வாரம் இவள் கேட்டாளே, “சார், தப்பா நினைக்காதீங்க, நாம ஏன் தினமும் அந்தப் பெட்ரோல் பங்க் வழியாவே போறோம்?” என்று. அங்கே வளைவு நல்லா இருக்கும் மேடம், ரிவர்ஸ் பழக வசதி என்று வாய் கூசாமல் சொன்னார், வளைவாவது மண்ணாங்கட்டியாவது, இந்த மூன்று மாதத்தில் அவரிடம் பழகியவர்கள் எல்லோரும் இந்த ஊரைக் கழிப்பறையிலிருந்து கழிப்பறைக்குத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், பங்க், அப்புறம் நூலகத்தின் பின்பக்கம், அப்புறம் மார்க்கெட் அருகே அந்த நாற்றம் பிடித்த தகரக் கொட்டகை, அவ்வளவுதான் பாடத்திட்டம். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர், இவர் மகளைவிடச் சின்னவர், கையுறையை மாட்டிக்கொண்டே “மூச்சை நல்லா இழுத்து விடுங்கப்பா” என்றார், அப்பாவாம், பின்னால் விரலை விட்டுக்கொண்டு அப்பாவாம்… சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது எதிரே ஒரு காலண்டரில் பூந்தோட்டம், இன்றைக்கும் அந்த மஞ்சள் பூவை எங்கே பார்த்தாலும் அவருக்குக் குமட்டுகிறது. “எலுமிச்சை அளவு இருக்கு, கவலைப்படாதீங்க, வெளியில கத்தியே படாது, குழாய் விட்டு உள்ளேயே சுரண்டி எடுத்துடுவோம்.” சுரண்டி! தேங்காய்ச் சில்லா சுரண்டுவதற்கு? அந்தச் சுரண்டலுக்குத்தான் தேதி கேட்டு, தேதி கொடுத்து, மிஷின் பழுது என்று ஒரு முறை, மயக்க மருந்து டாக்டர் விடுப்பு என்று ஒரு முறை தள்ளிப்போட்டு, கடைசியில் ஒன்பது நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு. மனைவி என்னடாவென்றால் ஊறுகாய் போடுகிறவள்போல அவ்வளவு உற்சாகம், “ஏங்க, எல்லாருக்கும் வர்றதுதான, இதுல என்னங்க வெட்கம்?” என்று பேன்ட்டுக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சுப்பட்டையை ஒரு கட்டு வாங்கி அலமாரியில் அவருடைய கர்சீப்புகளின் பக்கத்திலேயே அடுக்கி வைத்துவிட்டாள். அன்றைக்கு அவர் கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாள் அவள் அறியாமல் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டதும் அவர்தான். இப்போது அது உள்ளே சூடாக, கனமாக, தொடையோடு ஒட்டி… காருக்குள் வாடை வருகிறதா? கண்ணாடியை இறக்கினார், லாரியின் சொட்டுச் சத்தம் இன்னும் பக்கத்தில் கேட்டது, ஏற்றிவிட்டார்.

ரயில் வந்தது, முடிவே இல்லாத சரக்கு ரயில், ஒவ்வொரு பெட்டியும் தடக் தடக் என்று அடிவயிற்றின் மேலேயே ஏறி இறங்கியது, நாற்பது வரை எண்ணினார், அப்புறம் எண்ணவும் பலமில்லை. கேட்டைத் தூக்கினார்கள், லாரி நகர்ந்தது, கார் நகர்ந்தது, போ, போ, நேராகப் போ, இரண்டாவது சிக்னல் தாண்டினால் பங்க், அவ்வளவுதான், அடக்கு, சின்னக் குழந்தையா நீ, அடக்கு… திடீரென்று வண்டி குலுங்கி நின்றது, அவர் முன்னால் போய் பெல்ட்டில் மோதினார், மோதிய இடம் எது, அதேதான், அங்கேயே, சூடாக ஒரு கை அளவு கழன்றது, பட்டையைத் தாண்டியது, தெரிந்தது. “யார் உங்களை இப்படி பிரேக் போடச் சொன்னது? என்ன மேடம், இவ்வளவு நாள் என்னத்தக் கத்துக்கிட்டீங்க?” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் ஸ்டியரிங்கை விடாமல் முன்னால் கையைக் காட்டினாள். “சார், அந்தப் பெரியவர் குறுக்கே வந்தாரே… நீங்க பாக்கலையா?” பம்பருக்கு ஒரு சாண் தள்ளி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர், இவர்களைத் திட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். “பாத்தேன், பாத்தேன், எடுங்க வண்டியை” என்றார். பார்த்தாரா? அவள் கண்கள் ஒரு நொடி அவர் மடிக்குத் தாழ்ந்தன, வெளிர்சாம்பல் பேன்ட், அதில் தொடைப்பக்கம் கறுப்பாக, இலை மாதிரி… நாளெல்லாம் அடுத்தவர்கள் கண்ணைச் சோதிக்கிறவள், அவளுக்கா தெரியாது. கியரை மாற்றினாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக, “என் மாமனாருக்கும் இப்படித்தான் சார் இருந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லா ஆயிட்டாரு. பங்க்லதான நிறுத்தணும்?” என்றாள். மாமனார்! இவளைவிடப் பதிமூன்று வயதுதான் மூத்தவர் அவர், ஒரே வார்த்தையில் மாமனார் ஆக்கிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அந்தப் பரிவு இருக்கிறதே, ஈரத் துணியை முகத்தில் போட்டதுபோல.

பங்க்கின் கழிப்பறையில் வழக்கம்போல விளக்கு எரியவில்லை, தரையில் யார் யாரோ விட்டுப்போனது, கால் வைக்க இடமில்லை, சுவரில் கைபேசி எண்கள், அசிங்கமான படங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் வா வா என்று முட்டிய சனியன் இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் ஒரு வாலிபன் வந்தான், குழாயைத் திறந்துவிட்டதுபோல அடித்துத் தள்ளிவிட்டு விசில் அடித்துக்கொண்டே போனான், அவர் நின்றார், இன்னொருவன் வந்தான், போனான், அவர் நின்றார், முக்கினார், ஒரு நூல், ஒரு சொட்டு, மறுபடி ஒரு நூல்… இதற்காகவா அந்தப் பாடு? ஈரப் பட்டையை உருவிக் கூடையில் போட்டார், கூடை ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது, அது விளிம்பிலிருந்து சரிந்து அவர் செருப்பின் மேலேயே விழுந்தது. இரண்டு விரலால் எடுத்து மறுபடி போட்டார். கை கழுவக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

காருக்குத் திரும்பியபோது அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலும் ஒரு பழைய செய்தித்தாளுமாகக் காத்திருந்தாள், தாளை இருக்கையில் விரித்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே பெட்ரோல் போடுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார், தாள் நொறுநொறுத்தது. செருப்பில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்தார், அப்போதுதான் பார்த்தார். அவர் பக்கத்தில், கற்றுக்கொடுக்கிறவருக்கென்று தனியாக வைத்த பிரேக் மிதி, இருபத்தாறு வருடத்தில் இரண்டு முறை ரப்பர் தேய்ந்து மாற்றிய மிதி, அதன் மேல் தூசி. ரப்பரின் ஒவ்வொரு பள்ளத்திலும் சாம்பல் நிறத்தில் படிந்து கிடந்தது, ஒரு செருப்புத் தடம்கூட இல்லாமல். ஒரு நாள் தூசியா இது? கால் இரண்டும் இவ்வளவு நாளும் எங்கே இருந்தன? ஒன்றன்மேல் ஒன்று போட்டு, முட்டியை முட்டியோடு நெரித்து, அடக்கு, அடக்கு என்று… அப்படியானால் அந்தக் கிழவர், போன மாதம் பள்ளிக்கூட வாசலில் ஒரு நூலில் தப்பிய ஆட்டோ, ஒவ்வொரு தடவையும் அவர் கத்தியது யாரை? யார் நிறுத்தினார்கள்?

“போலாமா சார்?” என்றாள். வலது காலை எடுத்து மிதியின் மேல் வைத்தார், தூசியில் செருப்பு லேசாக வழுக்கியது. “போங்க மேடம்” என்றார். வண்டி பங்க்கை விட்டு இறங்கி, நெரிசலில் கலந்து, முதல் சிக்னலைத் தாண்டியது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், இரண்டு பக்கமும் பிள்ளைகள். அடிவயிற்றில் மறுபடி அந்த முட்டல் ஆரம்பித்தது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார், கீழே கால் மட்டும் அவரைக் கேட்காமல் மிதியிலிருந்து மெல்ல எழுந்து, இடது முட்டியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.