தில்லைநாதனின் கடைசி உயில்கள்

செத்து ஐந்து வருடம் மூன்று மாதம் ஆகியிருந்த சிதம்பரம் தில்லைநாதன், 2010 பிப்ரவரியில் மட்டும் நான்கு உயில்களுக்குக் கைநாட்டு வைத்தார். நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உயிரோடு இருந்த எழுபத்தாறு வருடத்தில் அவர் ஒரு உயில்கூட எழுதியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுதத் தெரியாதவர் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே 'அறநெறிச் செம்மல் தில்லைநாதன் கல்வி அறக்கட்டளை' என்று ஒன்றைத் தொடங்கினார். செம்மல் பட்டத்தைத் தன் செலவில் வைத்த விழாவில் தானே வாங்கிக்கொண்டார். அறக்கட்டளைக்கு லெட்டர்பேடு இருந்தது, ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, ஊதா மைப் பெட்டி இருந்தது, வீட்டு முகப்பில் அவருடைய ஏழு பதவிகளைச் சொல்லும் பலகை இருந்தது. சொத்து என்று மட்டும் ஒன்றும் இல்லை. ஆண்டு விழாவில் பத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு, பெற்றோர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார். "உயில் எழுதாமச் சாவறவன் புள்ளைங்களுக்குச் சண்டைய எழுதி வெச்சிட்டுப் போறான்" என்பார். கை தட்டுவார்கள். அதே பேச்சை வீட்டில் மகள் சந்திரலேகா ஒருமுறை எடுத்தபோது, "என்னை எப்ப அனுப்பலாம்னு பாக்கறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். உயில் எழுதினால் உயிர் நிற்காது என்று செம்மல் நம்பினார்.

2001இல் அவருக்கு வலது பக்கம் வாதம் வந்தது. கணவனை இழந்து, ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சந்திரலேகாதான் அந்த வீட்டிலேயே இருந்து மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, மலஜலம் எடுத்து, கஞ்சி ஊட்டினாள். மகன் செந்தமிழ்செல்வன் கடலூரிலிருந்து மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார். நாடி நின்ற அன்று, 2004 நவம்பரில், மைத்துனன் சிங்காரத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார். அடுத்து நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கெட்ட வார்த்தை வந்துவிடும். வேட்டி மாற்றுகிறோம் என்று சொல்லி இருவரும் அறைக் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அறக்கட்டளை லெட்டர்பேடில் எழுதிக் கொண்டுவந்திருந்த உயில் விரிந்தது. "மாமா, எடது கட்டவெரல நல்லா அமுக்குங்க, விரைச்சிக்கிச்சி" என்றான் சிங்காரம். ரப்பர் ஸ்டாம்பு மையைத் தடவி, செத்த தகப்பனின் விரலைப் பிடித்து மகன் அமுக்கினார். சிதம்பரம் வீடும் கிள்ளைப் பக்கத்து மூன்று ஏக்கரும் மகனுக்கே. மகளுக்குக் கல்யாணத்திலேயே சீர் செய்தாகிவிட்டது. இது தேதியிட்டபடி ஒரு மாதம் முன்பு எழுதப்பட்டது. சாட்சி சிங்காரமும் சிங்காரத்தின் நண்பன் ஒருவனும்.

பாத்திரம் தேய்க்க வரும் கொளஞ்சியம்மாள்தான் பிணத்தைக் குளிப்பாட்டும்போது, "ஐயா வெரலு ஏன் ஊதாவா கெடக்கு?" என்று கேட்டாள். சீயக்காய் போட்டும் மை போகவில்லை.

காரியம் முடிந்து காப்பி குடித்த செந்தமிழ்செல்வன் டம்ளரைக் கீழே வைத்தபோது அதில் ஒரு ஊதா ரேகை இருந்தது. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. செந்தமிழ்செல்வன் விரலில் தழும்பு கிடையாது. கரும்பு சீவும்போது கத்தி பட்ட தழும்பு தில்லைநாதனுக்குத்தான் உண்டு. அதிலிருந்து அவர் எதைத் தொட்டாலும் தகப்பனின் கைநாட்டு விழுந்தது. வாழை இலையில், பஸ் கம்பியில், மனைவியின் முதுகில், ஆபீஸ் கோப்புகளில். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வாரம் இதைக் கவனிக்க யாருக்கும் மனசில்லை. ஒரு மாதம் கழித்துக் கவனித்தார்கள். கையுறை போட்டுப் பார்த்தார். சித்திரை வெயிலில் கம்பளிக் கையுறை, அதைத் தாண்டியும் விழுந்தது. கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடைக்காரர், "அண்ணே, கிளாஸ்ல உங்கப்பாரு கைநாட்டு வெச்சிட்டாரு, டீக்காசு அவரு கணக்குலயா?" என்றார். வருடம் போகப் போகக் கேலியும் பழகிவிட்டது; கண்டக்டர்கள் அந்தக் கம்பியைத் துடைக்கத் துணி வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அவர் உயிலை விடவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி 2005இல் தங்கைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, "ஆம்பளப் புள்ளைக்குத்தானம்மா வீடு, அண்ணங்கிட்ட மல்லுக்கு நிக்காத" என்று அவளுக்கே புத்தி சொன்னார்கள். இவர்களில் ஒருவர்கூட மூன்று வருடத்தில் ஒருநாள் அந்த மலச்சட்டியைப் பார்த்தவர் இல்லை. அவள் கடலூருக்கு பஸ் ஏறி தேவசகாயம் என்ற வக்கீலைப் பிடித்தாள். வழக்கு ஐந்து வருடம் வாய்தாவில் ஓடியது. மாதம் ஒரு வாய்தா, மாதம் ஒருநாள் தையல் இல்லை.

2010 பிப்ரவரியில் கோர்ட் தாழ்வாரத்தில் தேவசகாயம் எதிர்த்தரப்பு என்றும் பாராமல், "சார், இதைச் சித்த புடிங்க, செருப்பு வார் கழண்டுடுச்சி" என்று கையிலிருந்த வெற்றுத்தாளை செந்தமிழ்செல்வனிடம் நீட்டினார். திரும்ப வாங்கியபோது தாளின் அடியில் தில்லைநாதனின் கைநாட்டு, தழும்போடு. வக்கீல் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்று மாலையே கைநாட்டுக்கு மேலே வீடு முழுவதும் மகளுக்கென்று ஒரு உயிலை எழுதி, அன்றைய தேதியையே போட்டு, சந்திரலேகாவிடம் காட்டினார்.

"எனக்குப் பொய் உயிலு வேணாம் சார். எங்கப்பா எழுதலங்கறதுதான நெசம்."

"அதைக் காட்டத்தாம்மா இது. சொத்து கேக்க இல்ல. அந்த வெரலு செத்தப்பறமும் நாட்டு வெக்கும்னு ஜட்ஜுக்குத் தெரியணும்ல? கடைசியா எழுதின உயிலுதான் செல்லும்னு சட்டம். இவரு இன்னும் எழுதிட்டே இருக்காரே!"

செய்தி பரவியதும் ஊர் தன் யோக்கியதையைக் காட்டியது. அறக்கட்டளையின் துணைத் தலைவர் பஸ்ஸில் செந்தமிழ்செல்வனுக்கு இடம் கொடுத்து, அவர் கை ஊன்றி உட்காரும் சீட்டில் தாளை விரித்துவைத்தார், சொத்து அறக்கட்டளைக்கு. தூரத்துப் பங்காளி ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்குள் ஒன்றைச் செருகி நீட்டினார். நான்காவது உயிலைக் கொண்டுவந்தவன் சிங்காரம். கிள்ளை நிலம் அவனுக்காம். "மச்சான், நீயுமாடா?" என்று செந்தமிழ்செல்வன் கேட்டதற்கு, "மாமா, அன்னிக்கி வெரலக் காட்டிக் குடுத்தது யாரு? நாந்தானே" என்றான்.

ரேகை நிபுணரின் அறிக்கை சென்னையிலிருந்து வரப் பதினெட்டு மாதம் ஆனது. எல்லாக் கைநாட்டும் ஒரே விரலுடையது, அது இறந்தவரின் விரல் என்றது. 2011 டிசம்பரில் அடித்த 'தானே' புயலில் அறக்கட்டளைப் பலகை பறந்துபோய் எந்தப் பதவியும் திரும்பி வரவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இந்த விரல் இறந்த பிறகும் பதிகிறது என்று நிரூபணமாகியிருப்பதால், முதல் உயிலில் பதிந்தபோது உயிர் இருந்ததா என்று சொல்ல இந்த விரலால் முடியாது. சாட்சி சிங்காரமோ அதற்கெதிராகத் தானே ஒரு உயில் வைத்திருக்கிறார். ஆகவே தில்லைநாதன் உயில் எழுதாமல் இறந்தவர், மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. ஒரு பெண் தன் பாதியை வாங்க ஏழு வருடமும் ஒரு செத்த விரலும் தேவைப்பட்டதைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

செந்தமிழ்செல்வன் அப்பீலுக்குப் போகவில்லை. தாளைத் தொடவே பயந்துபோயிருந்தார். 2012 ஜூனில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. வீடு அவளுக்கு, நிலம் அவருக்கு. எழுத்தர் மைப் பெட்டியைத் தள்ளினார். தேவையில்லை என்று சொல்லி செந்தமிழ்செல்வன் விரலை வைத்தார்.

"இது யாரு ரேகை?"

"எங்கப்பாவுது."

"அவரு வந்திருக்காரா?"

"செத்துட்டாரு."

மதியச் சாப்பாட்டு நேரம். எழுத்தர் ரேகைக்குப் பக்கத்தில் 'தகப்பனார், மகன் மூலம்' என்று எழுதிவிட்டுப் பதிவேட்டை சந்திரலேகா பக்கம் திருப்பினார். அன்று பதிவான பதினேழு பத்திரங்களில் அது ஒன்பதாவது.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போது தடுமாறிச் சுவரில் கை ஊன்றினார். புதுச் சுண்ணாம்பில் தழும்போடு ஊதா ரேகை விழுந்தது. துடைக்கத் துண்டை எடுத்தவரைப் பார்த்து அவள் உள்ளேயிருந்து சொன்னாள்:

"இருக்கட்டும் உடு. எஞ்செவுரு. அடுத்த வாட்டி வெள்ளையடிக்கிறப்ப நான் பாத்துக்கறேன்."