ஒன்பதாம் கப்பலின் தோல்

"அத்தை, இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அளவு ஏதாச்சும் தப்பா இருந்தா சொல்லுங்க" என்று மருமகள் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சிலை வைத்து நீட்டினாள். மருமகள் என்றால் என் தம்பியின் மகனைக் கட்டியவள். அப்பா ஆரம்பித்த கப்பல் பட்டறைக்கு இந்த வருடம் ஐம்பது முடிகிறது. அதற்காகப் புத்தகம் போடுகிறார்கள், எழுதும் வேலை இவள் தலையில். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். "ஒன்பதாம் கப்பலோடு பட்டறையின் காலம் மாறியது. வழக்கத்தை மீறி உடலின் அகலத்தை ஐந்து அங்குலம் கூட்டும் துணிச்சலான முடிவை எடுத்தவர், அப்போதுதான் படிப்பை முடித்துத் திரும்பியிருந்த நிறுவனரின் மகன்." இரண்டு தடவை படித்தேன். பிறகு சும்மா புரட்டுவதுபோல் முன்பக்கங்களுக்குப் போய் என்னைத் தேடினேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பழைய படத்துக்குக் கீழே இருந்தேன். "தரையில் அமர்ந்திருப்பவர் நிறுவனரின் மகள்." அமர்ந்திருக்கிறேனாம்! முட்டி போட்டுக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், கையில் இருக்கும் சுண்ணக்கட்டிகூடத் தெரிகிறது. "நாளைக்குத் தர்றேம்மா, நிதானமாப் படிக்கணும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வயிறு எரிந்தது என்று சொன்னால் அது சாதாரண வார்த்தை. என் தம்பி விஷயத்தில் என் வயிறு முப்பத்தாறு வருடமாக அணையாமல் எரிகிறது, புதிதாக யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை. "உனக்கும் உன் தம்பிக்கும் நடுவுல ஒரு கப்பலே விடலாம், அவ்வளவு இடம் இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் இஞ்சின் மெக்கானிக், அவருக்கு எல்லாமே எண்ணெய் போட்டால் சரியாகிவிடும். தம்பி கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் சிரித்த முகம், அதிர்ந்து பேச மாட்டான், போகிற இடத்தில் எல்லாம் நாற்காலி போடுவார்கள். நான் வாயைத் திறந்தால் ஆசாரிகள் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள்.

எங்கள் பட்டறையில் கப்பலுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெயர் வாங்குகிறவர் வைத்துக்கொள்வது. ஒன்று, மாடு ஏற்றிப்போகிற தட்டைப் படகு. இரண்டும் மூன்றும் மணல் அள்ளுகிறவர்களுக்காகச் செய்தது. நான்கு, அப்பா கடைசிவரை பேச விரும்பாத ஒன்று, இறக்கிய அன்றே பக்கவாட்டில் சாய்ந்துகொண்டது. ஐந்திலிருந்து கோடு போட்டது நான். கப்பலைத் தாளில் சின்னதாக வரைந்தால் போதாது. அதை முழு அளவில் தரையில் வரைய வேண்டும். மேல்தளத்தில் கறுப்புச் சாயம் அடித்த மரத்தரை, நூறு அடி நீளம், அதற்கு 'மாடி' என்று பெயர். அங்கே முட்டி போட்டு, மெல்லிய மரப்பட்டியை வளைத்து ஆணியடித்து, அதை ஒட்டிச் சுண்ணக்கட்டியால் இழுத்தால் கப்பலின் ஒவ்வொரு விலா எலும்பும் தரையில் உயிர் பெறும். அதைப் பார்த்துத்தான் ஆசாரிகள் மரம் அறுப்பார்கள். இப்போது அதெல்லாம் கணினியில் நடக்கிறது. நல்லதுதான், முட்டியாவது மிஞ்சும்.

இதில் ஒரே ஒரு சூட்சுமம். படத்தில் இருக்கிற அளவு கப்பலின் வெளிப்பக்கத்துக்கு உரியது, அதாவது பலகை எல்லாம் அடித்து முடித்த பிறகு இருக்கப்போகிற உடம்பு. விலா அதற்கு உள்ளே இருப்பது. அதனால் விலாவை வரையும்போது பலகையின் தடிமனைச் சுற்றிலும் கழித்துவிட வேண்டும். பலகைக்கு எங்கள் ஆட்கள் 'தோல்' என்பார்கள். நான் ஒரு கப்பலுக்குக் கோடு போட்டு முடித்ததும் அப்பா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று கேட்பார்: "தோலைக் கழிச்சாச்சா?" "கழிச்சாச்சுப்பா" என்பேன். திரும்பி இறங்கிப் போய்விடுவார். அளந்து பார்க்க மாட்டார். அவர் அளந்து பார்க்காதது எனக்குத் தங்கச்சங்கிலி மாதிரி.

ஒன்பதுக்கு அவர் கேட்கவில்லை. தம்பி அன்றைக்குத்தான் படிப்பு முடித்து, சுருட்டிய படத்தோடு மாடிக்கு வந்தான். தீவுக்கு ஆள் ஏற்றிப்போகிற பயணிக் கப்பல், அவனே வரைந்தது. அப்பா கீழேயிருந்து தன் சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்து அவனுக்குப் போட்டார். பத்து வருடம் அந்தத் தரையில் நான் முட்டி தேய்த்திருக்கிறேன், எனக்கு ஒரு மணைப்பலகைகூட யாரும் எடுத்துப் போட்டதில்லை. "இனிமே படம் அவன் போடுவான், நீ கோடு போட்டாப் போதும்மா" என்றார். ஏதோ எனக்குச் சுமையைக் குறைத்தது போல! அந்த இரண்டு வாரமும் நான் எப்படிக் கோடு இழுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு எண்களைப் படிப்பான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் குறிப்பேன். அவன் சொன்ன எண்ணை அப்படியே குறித்தேன். முடித்தபோது அப்பா அவன் படத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

விலாக்கள் எல்லாம் எழுந்து நின்ற பிறகு ஒரு நாள் காலையில் தரையைப் பார்த்தேன். தோல் இரண்டரை அங்குலம். நான் கழிக்கவே இல்லை. பக்கத்துக்கு இரண்டரை, மொத்தம் ஐந்து. யானைக்கும் அடி சறுக்கும் என்பது யானைக்கு ஆறுதலாக இருக்கலாம், எனக்கு இல்லை. வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பாதிப் பலகை அடித்துவிட்டிருந்தார்கள், மரம் எல்லாம் போய்விட்டது. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு வீட்டில் மூன்று நாள் படுத்தேன். நாலாம் நாள் பயந்துகொண்டே போனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்து நானும் கம்மென்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒன்பதைத் தண்ணீரில் இறக்கினார்கள். அந்தத் தீவுக்குப் போகிற வழியில் அலை குறுக்காக வரும். வழக்கமான கப்பலில் பாதிப் பேர் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போய்ச் சேர்வார்கள். ஒன்பது தரையில் வைத்த உரல் மாதிரிப் போனது. ஒரு குழந்தைகூட வாந்தி எடுக்கவில்லை. 'வாந்தி வராத கப்பல்' என்றே பெயர் நின்றுவிட்டது, உரிமையாளர் வைத்த அழகான பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. அதே மாதிரி வேண்டும் என்று வரிசையாக வந்தார்கள், பதினோரு கப்பல் அதே கோட்டில் செய்தோம். ஒன்பது இறங்கிய அன்று அப்பா கூட்டத்துக்கு நடுவே தம்பியின் தோளில் கைபோட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அகலத்தைக் கூட்டுனது என் பையன் யோசனை." தம்பி மறுக்கவில்லை. தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். நோகாமல் நுங்கு தின்கிறான் பார் என்று நினைத்தேன். அவனுக்கு அந்த ஐந்து அங்குலம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, வந்த புகழை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான் என்றுதான் இவ்வளவு வருடமும் நினைத்திருந்தேன்.

இப்போது அது அச்சுக்குப் போகப்போகிறது. அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் உண்மை. அந்த இரவு முழுக்கப் புரண்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். காலையில்தான் வந்தது வினை. என் கப்பல் அது, அதை வாங்கிவிட வேண்டும். ஆனால் எப்படி வாங்குவது? "தோலைக் கழிக்க மறந்தேன்" என்று சொன்னால்தான் அது எனக்கு. ஐந்திலிருந்து முப்பத்தெட்டு வரை என் கோட்டில் ஒரு நூல் பிசகியதாக ஒருவன் சொன்னதில்லை. அந்தப் பெயரைக் கொடுத்தால் இந்தப் பெயர் வரும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியே இல்லையா என்று பல் தேய்க்கும்போதும் யோசித்தேன். வேண்டுமென்றே கழிக்கவில்லை என்று சொல்லலாமா? சொல்லலாம்தான். அப்புறம் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பட்டறைக்குப் போனபோது மூன்று பேர் மாடியில் இருந்தார்கள். தம்பி, மருமகள், அப்புறம் முக்கால். முக்கால் எங்கள் பழைய தலைமை ஆசாரி. எவ்வளவு வேலை முடிந்தது என்று எப்போது கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சுதுங்க" என்றே சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் வந்தது. வேலையிலிருந்து ஓய்ந்தும் தினம் வந்து தேநீர் குடித்து, இருக்கிற ஆசாரிகளைத் திட்டிவிட்டுப் போவார். மருமகள் அவரிடம் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் தாளை மேசையில் வைத்தேன்.

"இது தப்பு" என்றேன். "அகலத்தை யாரும் கூட்டலை. நான் தோலைக் கழிக்க மறந்துட்டேன். அதான் அஞ்சு அங்குலம். துணிச்சலும் இல்லை, முடிவும் இல்லை. ஒன்பது என் தப்பு. அதனால அது என் கப்பல்."

தம்பியின் முகம் வெளிறும், வாய் குழறும், இத்தனை வருடத் திருட்டு வெளியே வந்துவிட்டதே என்று தலை குனிவான் என்று காத்திருந்தேன். அவன், "ஏன்க்கா இப்போ அதெல்லாம்?" என்று மட்டும் கேட்டான். ஏதோ நான்தான் அவனுக்கு வலிக்கிற மாதிரி எதையோ தொட்டுவிட்டேன் என்பது போல.

முக்கால் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அட, அது அன்னிக்கே தெரியுமேம்மா! படத்துலயே 'வெளிப்பக்க அளவு'ன்னு தம்பி பெருசா எழுதியிருந்தாரே."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். நீங்க காய்ச்சல்னு படுத்திருந்தீங்களே, அப்போ ஐயா டேப்பைப் பிடிச்சு அளந்துட்டாரு. அஞ்சு அங்குலம் கூட. 'யாருடா இது'ன்னு ஒரே கத்து. தம்பி முன்னாடி வந்து, 'நான்தாம்ப்பா அக்காகிட்ட கழிக்க வேணாம்னு சொன்னேன், அக்கா மாட்டேன்னுதான் சொல்லிச்சு, நான்தான் விடலை'ன்னாரு. அவ்வளவுதான். பளார்னு விட்டாரு ஐயா. எல்லா ஆசாரிங்க முன்னாடியும். 'அவ கோட்டுல கை வைக்க நீ யாருடா, அவ கோட்டை நானே அளந்து பார்த்ததில்லை'ன்னாரு. அப்புறம் எங்களைக் கூப்பிட்டு, நான் அளந்து பார்த்தது பொண்ணு காதுக்குப் போகக் கூடாது, மனசு விட்டுப்போயிடும்னு சொன்னாரு. போகலை."

கீழே எங்கோ தகடு அறுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இதைக் கேட்டதும் என் நெஞ்சு இளகியது, கண்ணில் நீர் முட்டியது, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். அந்தக் கப்பலை வாங்கிக்கொண்டான் சரி, அதற்கு விலையும் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறான், அதுவும் எனக்காக. இனி நான் அவனைத் திருடன் என்றுகூடச் சொல்ல முடியாது. புகழும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கு. எனக்கு என்ன மிச்சம்? அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியம், அவ கோட்டுல கை வைக்க நீ யாருடா. அதை என் முகத்துக்கு நேராக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்காகச் சொன்னதைக்கூட இவன்தான் நேரில் நின்று கேட்டிருக்கிறான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"நீ அப்போ எங்கிட்ட பேசவே மாட்டியேக்கா" என்றான். அது உண்மை. பேசினால் சண்டை, இல்லையென்றால் பேச்சே இல்லை.

மருமகள் பேனாவைத் திறந்தாள். பாவம், அவளுக்கு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய கவலை. "அப்போ இந்தப் பக்கத்தை எப்படிப் போடறது?" என்று மாமனாரைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா சொல்றபடி போடும்மா" என்றான் அவன்.

பாருங்கள், அதையும் அவனே எடுத்துக் கொடுக்கிறான்! அவள் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பேனா முனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்வது அச்சில் ஏறும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"எந்தக் கன்னம்?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"என்னக்கா?"

"அப்பா அடிச்சது. எந்தக் கன்னம்?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். ஐம்பத்தொன்பது வயது, தாடியெல்லாம் வெளுத்துவிட்டது. கை இடது கன்னம் வரைக்கும் போனது, தொடாமல் நின்றது, பிறகு வலது பக்கம் வந்தது. "இதுதான்னு நினைக்கிறேன்" என்றான். "இல்லைங்க, இடது, இடது" என்று முக்கால் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். தம்பியின் கை மறுபடியும் இடது பக்கம் போனது. மருமகளின் பேனாவுக்குக் கீழே மை சின்னதாக ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வருடம் நான் எரிந்துகொண்டிருந்தேன், எனக்காக வாங்கிய அடி எந்தப் பக்கம் என்றுகூட இவன் நினைவில் வைத்திருக்கவில்லை. நான் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.