ஐந்தரை மணி டோக்கன்கள்

மூன்றாம் கவுன்ட்டர் அம்மாவின் கவலைகள் முதல் நாள் பதினொரு பேராக வந்தன. அப்போது மணி மாலை ஐந்து இருபத்தெட்டு. இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதால் மாடிப்படியில் வரிசையாக நின்று காத்திருந்தன. எல்லாம் இடுப்பு உயரம். ஒன்றின் கையில் கோப்பு, இன்னொன்றின் கையில் நனைந்த குடை. மூன்றாவது, ஒழுகுகிற மொட்டைமாடித் தளத்திலிருந்து ஒரு காரையைப் பெயர்த்து ஆதாரமாகக் கையோடு கொண்டு வந்திருந்தது. கீழ் வீட்டுக்காரர், மேலே ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி வந்தார். விஷயம் தெரிந்ததும் "அப்படியா" என்றார். வந்தது வந்தோமே என்று தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் வாகன உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில், மூன்றாம் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். ஒன்பது வருடத்துக்கு முன் அலுவலகத்தில் ஏதோ விசாரணை வந்து தூக்கம் கெட்டபோது, பத்து நாளைக்கென்று ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை மூன்றே வாரத்தில் முடிந்துபோனது. பத்து நாள் மட்டும் ஒன்பது வருடமாகியும் முடியவில்லை. மாத்திரை போட்டால் அவள் கல்லைப் போலத் தூங்குவாள். அதில் பெருமைகூட இருந்தது, ஒருநாள் காலை எழுந்து சமையலறைக்குப் போகும்வரை. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயோரம், பனியன், தரை எங்கும் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். நடு இரவில் உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிப்போய், நிற்கக்கூட முடியாமல் தவழ்ந்து வந்து டப்பாவை இழுத்திருக்கிறார். "எறும்புக்கெல்லாம் இன்னிக்கு நம்ம வீட்லதான் விருந்து" என்று சிரித்தார். கூப்பிட்டதாக அவர் சொல்லவில்லை. ஆனால் தொண்டை கட்டியிருந்தது. அவள் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. அன்றைக்கே மாத்திரையை விட்டுவிட்டாள்.

விட்ட மூன்றாம் நாள் கை நடுங்கி, முத்திரை விண்ணப்பத்தில் விழாமல் விண்ணப்பித்தவர் மணிக்கட்டில் விழுந்தது. டாக்டர் அவளை எடுத்த எடுப்பில் திட்டினார். "யாரைக் கேட்டும்மா நிறுத்தினீங்க? ஒரேயடியா விட்டா ஆபத்து. படியிறங்கற மாதிரி ஒவ்வொண்ணாத்தான் இறங்கணும்." மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் துணுக்கு மட்டும் குறைக்க வேண்டும், முடியாவிட்டால் அதே படியில் நிற்க வேண்டும், ஆனால் அவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. எப்போது தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். மதியத்துக்குமேல் டீ கிடையாது. கடைசியாக, "கவலைக்குன்னு தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்க. வேற நேரத்துல வந்தா, அப்புறம் வான்னு அனுப்பிடுங்க" என்றார். இருபத்தாறு வருடமாக அதையே தொழிலாகச் செய்துவருபவளிடம் இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மாலை ஐந்தரையிலிருந்து ஆறுவரை என்று நேரம் வைத்து, காலி மாத்திரைப் பெட்டிகளை வெட்டி டோக்கன் செய்தாள். கூடத்தில் மேசையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒழுகுகிற தளத்திடம், "மழைக்காலத்துல வாங்க" என்றாள். கழுத்தில் கட்டி இருக்கிறதோ என்று வந்ததிடம், "டாக்டர் சீட்டு இணைக்கலையே? இணைச்சுக்கிட்டு வாங்க" என்றாள். ஓய்வுபெற்ற பிறகு யார் மதிப்பார்கள் என்று வந்தது கொஞ்சம் குரலை உயர்த்தியது. அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருப்பதைக் காட்டி, காலண்டரைத் திருப்பி வைத்தாள். ஆறு மணிக்குத் திரையை இழுத்துவிட்டாள். அலுவலகத்தில் ஊரே சபிக்கும் அந்தச் சாமர்த்தியம் முதன்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

துணுக்கு குறையக் குறையக் கூட்டம் கூடியது. மூன்றாம் படியில் பத்தொன்பது, நான்காம் படியில் முப்பத்திநான்கு. கைப்பிடிச் சுவர் பக்கமாக ஒதுங்கி நிற்கும்படி கீழ் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார், அவையும் ஒதுங்கி நின்றன. சில இரவுகளில் அவள் மூன்று மணி நேரம்தான் தூங்கினாள். தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்தாள். கண் சொக்கினால் மட்டும் திரும்பி வந்து படுத்தாள். நேரம் கெட்ட நேரத்தில் ஏதாவது கதவைத் தட்டினால், "டைம் முடிஞ்சாச்சு" என்று உள்ளிருந்தே சொன்னாள். ஒருநாள் தாங்க முடியாமல் ஒரு முழு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அதை டப்பியில் போட்டு மூடிவிட்டாள். பாராட்டுக் கடிதம் கொடுக்க ஆளில்லாத இடத்தில் அவள் செய்த அந்தக் காரியத்தை வீரம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அரை மாத்திரைக்குக் கீழே இறங்க முடியவில்லை. ஏழு வாரம் அதே படியில் நின்றாள். வருகிற எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் கணவர்தான்.

"ஏம்மா, செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்திருக்கே, அது யார்கூட வந்திருக்கு?"

முழங்கால் உயரத்தில் ஒன்று முதல் நாளிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தது. டோக்கன் வாங்கவில்லை, வரிசையிலும் நிற்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் விண்ணப்பிக்க வந்தால், மச்சான், மாமா என்று இரண்டு பேர் கூடவே வருவார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் கண்ணுக்கு அவர்கள் பெஞ்சோடு சேர்ந்தவர்கள். அவளும் இதை அப்படித்தான் நினைத்து விட்டிருந்தாள்.

"யார்கூடவாவது துணைக்கு வந்திருக்கும். விடுங்க."

"எல்லாம் போன பிறகு இது மட்டும் உள்ள வருதேம்மா. ராத்திரி நான் பாத்ரூம் போறப்பல்லாம் உன் தலைமாட்டுலதான் நிக்குது."

அன்று ஆறு மணிக்கு அவள் திரையை இழுக்கவில்லை. அதை மேசைக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க யார்கூட வந்தீங்க?"

"உங்ககூடத்தான், மேடம்."

"என்ன விஷயமா?"

"அவர் மறுபடி கூப்பிட்டு, நீங்க எழுந்திரிக்கலைன்னா?"

அவள் வாயைத் திறந்தாள். இணைப்பு இல்லை, இந்தப் பிரிவு இல்லை, நாளைக்கு வாங்க என்று இருபத்தாறு வருடப் பதில்களும் நாக்கு நுனிவரை வந்து நின்றன. ஒன்றும் பொருந்தவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அழுது முடித்து, கணவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு என்னைக் கூப்பிட்டீங்களா?"

அவர் விசிறியைப் பார்த்தார். "கூப்பிட்டேன்."

"எத்தனை தடவை?"

"அதை யாரு எண்ணினா? கொஞ்ச நேரம் கூப்பிட்டேன். அப்புறம், பாவம் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தெருமுனைவரை கேட்டது. அதன்பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். படுக்குமுன் அவர் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். தலைமாட்டில் குளுக்கோஸ் கரைத்த பாட்டில் வைக்க வேண்டும். இரவு ஊசியின் அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டு வர வேண்டும். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருக்க வேண்டும், அவள் எழுந்திருக்காவிட்டால் அவர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது. முழங்கால் உயரக் கவலை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, கரண்டி கைக்கு எட்டுமா என்று ஒரே ஒரு சந்தேகம் கேட்டது. கணவர் படுத்துக் காட்டினார், எட்டியது. ஆனாலும் அது கிளம்பவில்லை. கிளம்பச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. நடைவழியில் ஒரு பாய் விரித்துத் தலையணை கொடுத்தார்கள்.

அந்த மாதமே அரை மாத்திரையிலிருந்து ஒரு துணுக்கு குறைந்தது. பிறகு கால் மாத்திரை, காலில் பாதி, பிறகு நகத்தளவு. பதினோராவது மாதம் ஒரு வியாழக்கிழமை டாக்டர் சீட்டிலிருந்த மாத்திரையின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். மாலை ஐந்தரைக்கு இப்போது மூன்றோ நான்கோதான் வருகின்றன. மழை நாட்களில் ஒழுகுகிற தளம் மட்டும்தான்.

கோடு போட்டு இரண்டு வாரம் கழித்து, ஓர் இரவு கணவர் கூப்பிட்டார். ஒரே தடவைதான், அதுவும் மெதுவாக. அவள் பாட்டிலும் கையுமாக எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நடைவழியில் பாயும் சரசரத்தது.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டுப் பார்த்தேன்."

"ஏங்க, மனுஷனா நீங்க?" என்று ஆரம்பித்து, அவர் வீட்டார்வரை ஒருவரையும் விடாமல் திட்டினாள். அவர் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு பாதியில் நின்றது. கால் மணி நேரத்தில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள்.