துக்கம் கேட்க வந்தவள்

உயிரோடிருக்கும் என் அண்ணனை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, கட்டிலில் படுத்தபடியே, கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி தட்டிக் கொன்றேன். "அண்ணன் தவறிவிட்டார். பதினான்காம் அத்தியாயத்தை இப்போது அனுப்ப இயலாது. பொறுத்துக்கொள்." முற்றுப்புள்ளிகள் உரிய இடங்களில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்த பிறகே அனுப்பினேன்.

செய்தி சென்றது வடமதுரை ஆனந்திக்கு. அவளுக்குப் பார்வை கிடையாது; வரும் செய்திகளைக் கைபேசியே அவளுக்கு வாசித்துச் சொல்லும். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்த வரலாற்று நூல் ஒலிவடிவில் எங்கும் கிடைக்காததால், இருபத்திரண்டு அத்தியாயங்களையும் வாசித்துப் பதிவுசெய்து தரும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தாள். அத்தியாயத்திற்கு இவ்வளவு என்று ஊதியம். நூலைத் தபாலில் என் வீட்டு முகவரிக்கே அனுப்பியிருந்தாள். தேர்வுக்கு அப்போது இருபத்திரண்டு நாட்கள் இருந்தன; நான் வாசிக்க வேண்டிய அத்தியாயங்கள் ஒன்பது இருந்தன.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் திண்டுக்கல் சந்திப்பின் விசாரணை அலுவலகத்தில் பணியாற்றியவள். மதுரையிலிருந்து வரும் வண்டி கொடைரோட்டை விட்டதும் எனக்குத் தொலைபேசி வரும். ஒலிபெருக்கியைத் திறந்து அறிவிப்பேன். ஒரு நாளும் பிந்தியதில்லை. தாமதமாக வந்த சக ஊழியர்களிடம் நான் பேசிய பேச்சை இன்றும் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒழுங்கு என்னுடையது என்றே ஓய்வுபெறும்வரை நம்பியிருந்தேன். அது வண்டிகளுடையது என்பது வீட்டில் உட்கார்ந்து தொழில் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதல் மாதம் குறையொன்றும் இல்லை. காலை பத்து மணிக்கு மாடியறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பீரோவின் இரு கதவுகளையும் அகலத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பேன். புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும். பதின்மூன்று அத்தியாயங்கள் அப்படி முடிந்தன. பதினான்காவது நாற்பத்தாறு பக்கம். நாளைக்குத் தொடங்கலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். மறுநாள் பீரோவைத் திறந்தவள், புடவைகளை நிறவாரியாக அடுக்கத் தலைப்பட்டேன். அதற்கடுத்த நாள், முன்பின் தெரியாத ஒருத்தி தன் சமையலறை அலமாரிகளை ஒழுங்குபடுத்தும் காணொளிகளைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கினேன். நண்பகல்வரை பார்த்தேன். கொடைரோட்டிலிருந்து எந்த வண்டியும் புறப்படவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆனந்தி கேட்டபோது தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னேன். அடுத்த முறை, பக்கத்து மனையில் போர் போடுவதால் இரைச்சல் என்றேன். இரண்டும் பொய். மூன்றாம் முறை கேட்டபோது அண்ணனைக் கொன்றேன்.

உடனே அவள் குரல்செய்தி வந்தது. "அய்யோ அம்மா... மனசத் தேத்திக்கங்க. பாடம் கெடக்கட்டும், நான் பாத்துக்கிறேன்." அதை நான்கு முறை கேட்டேன். பிறகு, சொல்லவே நாக்கூசுகிறது, விட்ட இடத்திலிருந்து காணொளியைத் தொடர்ந்தேன்.

தொலைதூரத்து நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்பவர் இப்படிப் பொய் சொன்னால், ஓர் இரங்கல் வரியோடு விவகாரம் முடிந்துவிடும். வடமதுரைக்காரியிடம் சொன்னால் ஆள் வரும். சாவுச் செய்தி காதில் விழுந்தால் பதினாறாம் நாளுக்குள் நேரில் சென்று துக்கம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். எத்தனையோ வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன். அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆறாம் நாள் அவள் வந்தாள்.

அப்போதும் கட்டிலில்தான் கிடந்தேன். மாடிப்படியில் அண்ணனின் குரல் கேட்டது. "பாத்து வாத்தா, இன்னும் ரெண்டு படிதான். செவரப் புடிச்சுக்க."

எழுந்து நிற்பதற்குள் இருவரும் வாசலில் நின்றனர். அண்ணன் மொக்கைச்சாமியின் முழங்கையைப் பற்றியபடி, மடக்கிய கைத்தடியோடு, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். பேருந்து நெரிசலில் சேலைத் தலைப்பு கசங்கியிருந்தது.

"ஏத்தா பொன்னழகு," என்றார் அண்ணன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "வடமதுரையிலேருந்து வந்திருக்கு. ஒன் அண்ணன் தவறிப்போனதுக்குத் துக்கம் கேக்க வந்துச்சாம்."

எனக்கு வேறு அண்ணன் கிடையாது.

துக்க வீட்டுக்கு வந்தவரை "வா" என்று அழைக்கக் கூடாது. அந்த நொடியிலும் அதை நினைவில் வைத்திருந்தேன். அவளை "வா" என்று சொல்லாமல் நின்றேன். பொய்யைக்கூட முறைப்படி காப்பாற்றும் புத்தி எனக்கு இருந்தது.

ஆனந்தி என் கையைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கை வியர்த்திருந்தது. கட்டிலில் கிடந்த கைபேசியில் அந்தக் காணொளிப் பெண் டப்பாக்களை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாய்ந்து அணைத்தேன்.

"என்னைய மேல கூட்டியாந்தது யாரும்மா?" என்றாள் ஆனந்தி.

"நானா? நான் பக்கத்து வீடுத்தா," என்று என்னை முந்திக்கொண்டார் அண்ணன். எழுபத்திரண்டு வயதில், எனக்காக, தன் வீட்டிலேயே அயலாரானார்.

ஆனந்தி மெல்லச் சிரித்தாள். "ஏழாம் பாடத்துல, பத்தொம்பதாவது நிமிஷத்துல ஒருத்தர் குரல் கேக்கும். 'ஏத்தா, காப்பி ஆறுது'ம்பாரு. நீங்க 'அண்ணே, பதிவு ஓடுது'ன்னு வைவீங்க. அத நீங்க வெட்டலம்மா. எங்க வீட்டுல நான் ஒத்தையிலதான் ஒக்காந்து படிக்கிறேன். அந்தக் குரல் வந்ததும் நானும் எந்திரிச்சுக் காப்பி போட்டுக்குவேன். எத்தன தடவ கேட்டிருப்பேன்!"

உண்மைதான். அதை வெட்ட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். சோம்பலால் விட்டுவிட்டேன்.

"பஸ்ஸுல வரும்போது அதையே நெனச்சு அழுதுக்கிட்டு வந்தேன், அய்யா," என்று அண்ணன் நின்ற பக்கம் திரும்பினாள். "நல்லா இருங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆயிரக்கணக்கான வண்டிகளை அறிவித்த நான், காபி போடட்டுமா என்றுதான் கேட்டேன். வேண்டாம் என்றாள். தடியை விரித்தாள்.

துக்கம் கேட்டுவிட்டுப் புறப்படுபவர்கள் "வாரேன்" என்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுக்கு மறுபடி அப்படி வர நேரக் கூடாது என்பதால், சொல்லாமலேதான் எழுந்து போவார்கள். ஆனந்தி வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"வாரேன்மா," என்றாள், தெளிவாக.

இதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அண்ணன் திரும்பி வந்தார். பீரோவுக்கு முன்னால் நின்றிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் செத்து எம்புட்டு நாளாச்சு?"

"ஆறு," என்றேன்.

"அப்ப பதினாறுக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. எனக்குப் புடிச்ச கறி வெஞ்சனமாப் பாத்துப் படையல் வையி." சிரித்துக்கொண்டே சொன்னார். படியில் இறங்கப் போனவர் நின்றார். "அந்தப் புள்ள கீழ வாசல்லயே, என் பேச்சக் கேட்டதும் அப்படியே நின்னுருச்சு. நான்தான் வெவரம் புரியாம மேல கூட்டியாந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கதவைச் சாத்தினேன். கைபேசியைத் தவிர்க்க முடியாது, அதில்தான் பதிவுசெய்ய வேண்டும். காணொளிச் செயலியை மட்டும் நீக்கினேன். நாற்காலியில் அவள் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது.

நிலையத்தில் வண்டி தாமதமானால், "ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று அறிவிப்பேன். வருந்தியதேயில்லை, தாளில் இருந்ததை வாசித்தேன். அன்று என் முன் தாள் இல்லை. "ஆனந்தி, என் அண்ணன் உயிரோடு இருக்கிறார். தொண்டை கட்டவில்லை. பக்கத்து மனையில் யாரும் போர் போடவில்லை. நான் வேலை செய்யாமல் படுத்துக் கிடந்தேன்," என்று பதிவுசெய்தேன். மூன்று இடங்களில் குரல் உடைந்தது. திருத்தவில்லை. அதைத் தொடர்ந்து, நிறுத்தாமல், பதினான்காம் அத்தியாயம். மாலை நான்கு மணிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவளிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: "கேட்டேன்மா. பதினஞ்சு எப்ப வரும்?"

"இன்று மாலை நான்கு மணிக்கு," என்று பதிலளித்தேன். அன்றுமுதல் நாள்தோறும் காலை பத்து மணிக்கு, எந்த அத்தியாயம் எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குக் குரலில் அறிவித்தேன். அவள் பதில் அனுப்புவதில்லை. கேட்டாள் என்பதற்கான நீல அடையாளம் மட்டும் விழும். அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை.

தேர்வுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் இருபத்திரண்டாம் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"ஏத்தா, காப்பி ஆறுது!"

நிறுத்துவதற்காக விரலைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துக்கொண்டேன். அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு இனி என் சொல் அவளுக்குச் சான்றாகாது. அவர் குரலை வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.